பரமலிங்கத்தாரின் செத்தவீட்டு வீடியோ

சுன்னாகத்தில் வீடியோக் கடை வைத்திருக்கிற சிவதர்ஷனிடம் கெட்ட குணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். கலியாணவீடோ செத்தவீடோ, கமராவைத் தூக்கிக்கொண்டு போவான். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்க நேரலையில் விடுவான், பிறகு முழுவதையும் கிளவுட் சேர்வரில் போட்டு வைப்பான். "கொம்பியூட்டரிலை ஸ்கிரிப்ற் ஒண்டு எழுதி விட்டிருக்கிறன். அது ஒவ்வொரு நாளும் தானே ஓடி, வேறை இடத்திலை கொப்பி எடுத்து வைக்கும். சேர்வர் எரிஞ்சாலும் உங்கடை வீடியோ அசையாது" என்று ஊரெல்லாம் அளப்பான்.

ஸ்கிரிப்ற் ஓடியதென்னவோ உண்மைதான். காலமையில் 'எல்லாம் பத்திரம்' என்று போனுக்குச் செய்தியும் வரும். ஆனால் அவன் மனுசி கஜானி ஒருநாள், "கலியாணவீட்டையும் செத்தவீட்டையும் ஒண்டாக் கலந்து வைச்சிருக்கிறியளே, நல்லாயிருக்குமே?" என்று ஏசினாள். அன்றிலிருந்து செத்தவீடுகளுக்குத் தனிப் போல்டர். அதை ஸ்கிரிப்றுக்குச் சொல்ல மறந்துபோனான், விசரன். அது பாவம், பழைய போல்டரை மட்டும் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தது. கொப்பி சரியோ என்று பார்க்கவும் ஒரு கலியாணத்தைத்தான் திறந்தான். செத்தவீட்டைச் சும்மா ஆர் திறந்து பார்க்கிறது!

போன மாதம் சேர்வர் பழுதாகிப் போனது. கலியாணங்கள் எல்லாம் திரும்பி வந்தன. தனிப் போல்டரில் போட்ட செத்தவீடு ஒன்றுகூட வரவில்லை. ஆர் கேட்கப்போகினம் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

ஆரபி வந்து கேட்டாள். அந்தப் போல்டரோடு போன பரமலிங்கத்தாரின் ஒரே மகள். தகப்பன் செத்தபோது பிரான்சில் வதிவிட விசா இல்லாமல், ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாமல் நின்றவள், இப்பதான் விசா கிடைத்து ஓடி வந்திருக்கிறாள்.

"வாய்க்கரிசி போடேக்கை எனக்கு லைன் அறுந்துபோச்சு அண்ணை. அப்பான்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லை. உங்களிட்டைக் கொப்பி இருக்குமெண்டு சொல்லிச்சினம்."

என்ரை பிழை பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். வாய் நீளக்காரனுக்கு அந்த மூன்று சொல் வரவில்லை.

"சேர்வர்க் கொம்பனிக்காரர் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாங்கள் பிள்ளை."

"அதுக்கு நீங்கள் என்ன செய்வியள் அண்ணை" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். அவனுக்குச் சீ என்று போய்விட்டது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

பிறகு கேட்டாள்: "நீங்கள் கிட்ட நிண்டு எடுத்தனீங்கள்தானே? அப்பான்ரை முகம் எப்பிடி இருந்தது?"

எத்தனை செத்தவீடு எடுத்தாயிற்று! அவனுக்கு அந்த முகம் நினைவில் வரவேயில்லை. அன்றைக்கு முழுக்க அவன் பார்த்துக்கொண்டு நின்றது சிக்னலை.

"நித்திரை கொள்ளுற மாதிரி இருந்தவர் பிள்ளை."

ஆரபி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்களெண்டாலும் வடிவாப் பாத்தீங்களே அண்ணை" என்றாள்.