லீவு போடாத எங்கள் அக்கா

அக்காவுக்கு மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவர்கள்:

அத்தான், கட்டிலின் தலைமாட்டில்.

அக்கா மகள் கோமதி, கையைப் பிடித்தபடி.

கோமதியின் கணவர், மருந்துச் சீட்டோடு கதவோரம்.

மில்லில் அக்காவுடன் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்த சுப்பம்மாள், கால்மாட்டில்.

ஒரு நர்ஸ்.

நான் இல்லை. நான் அக்காவின் ஒரே தம்பி. அன்று காலை பத்து மணிக்கு நான் மில்லில் டைம் ஆபீசில் இருந்தேன். வருகைப் பதிவு பார்ப்பது என் வேலை. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னது கோமதி. நான் படித்தது ஏழாம் வகுப்பு. எழுதியதெல்லாம் ஆள் பெயரும் வந்த நேரமும்தான். தாய்மாமன் எழுதினால்தான் மரியாதை என்றாள். சரி என்றேன்.

கோயில் பக்கத்து அச்சகத்தில் முதல் பக்கத்தை அடித்துக் காட்டினார்கள். அக்கா போட்டோ. அதன் கீழே பெரிய எழுத்தில், உழைப்பால் உயர்ந்தவர். யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். எல்லா மலருக்கும் போடுவதுதான் என்றார் அச்சகத்துக்காரர். கோமதிக்கு அந்த வரி பிடித்திருந்தது. நான் எடுக்கச் சொன்னேன்.

“ஏன் மாமா எடுக்கச் சொல்லுதிய? அம்மா ஒழைக்கலையா?”

“ஒழைச்சா. எழுதி முடிச்சிட்டுச் சொல்லுதேன்.”

இனி அக்காவைப் பற்றி.

அக்கா பிறந்தது கரிவலம்வந்தநல்லூர். அப்பா காட்டு வேலைக்குப் போனவர். அக்காவுக்குப் பத்து வயது இருக்கும்போது இறந்துவிட்டார். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று அம்மாவோடு களை எடுக்கப் போனார்கள். அதனால் நான் ஏழு வரை போனேன். அதற்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. அது அக்கா குற்றம் இல்லை.

இருபது வயதில் சங்கரன்கோவிலில் அத்தானுக்குக் கட்டிக் கொடுத்தோம். அத்தான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல கடை. பிறகு ஊரில் வீட்டுக்கு வீடு பைக் வந்தது. கடையை அடைத்துவிட்டு அத்தான் கிடைத்த வேலைக்குப் போனார். கோமதி கைக்குழந்தை. அக்கா நூல் மில்லில் சேர்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்து என்னையும் அங்கே சேர்த்துவிட்டார்கள். நான் முதலில் பஞ்சு கூட்டினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பிறகு டைம் ஆபீசில் உட்கார வைத்தார்கள்.

அக்கா வேலை, ஓடுகிற மிஷினில் அறுந்த இழையை ஒட்டுவது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஓர் இழை ஒட்டும்போது நாலு இழை அறுந்திருக்கும். எட்டு மணி நேரம் நடை. வீட்டுக்கு வந்து தலையைத் தட்டினால் பஞ்சு உதிரும்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம். பொங்கலில் இருந்து அடுத்த பொங்கல் வரை வார ஓய்வு தவிர ஒரு நாளும் லீவு போடாதவர்களுக்குப் போகியன்று ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. பெயர் வெட்டித் தருவார்கள். முதலாளி வீட்டு அம்மா வந்து தன் கையால் கொடுப்பார்கள். முந்நூறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் பத்துப் பேர் வாங்கினால் அதிகம். அக்கா முழு வருடம் வேலை பார்த்த முதல் பொங்கலுக்கே வாங்கினார்கள். அதற்குப் பிறகு விட மனசு வரவில்லை.

காய்ச்சலோடு போனார்கள். பல்லைப் பிடுங்கிய கையோடு போனார்கள். எங்கள் அம்மா இறந்தது அக்காவுக்கு வார ஓய்வு நாள். மறுநாள் இரண்டாம் ஷிப்ட்டுக்கு வந்துவிட்டார்கள். நான்தான் கையெழுத்து வாங்கினேன். “கடைசி வரைக்கும் அம்மா எனக்கு லீவு போட விடல தம்பி” என்றார்கள். சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

கோமதியம்மன் தவமிருந்த ஆடித்தபசுத் திருவிழா அன்று ஊருக்கே லீவு. மில் ஓடும். மில் வேன் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் சுற்றிப் போகும். அக்கா வேன் ஜன்னலில் இருந்து கும்பிட்டுக்கொள்வார்கள். சுப்பம்மாள் வரமாட்டார். தபசுக்கு லீவு, கோயில் கொடைக்கு லீவு, கொழுந்தன் மகன் காதுகுத்துக்கு லீவு. மறுநாள் வந்து அக்காவைக் கிண்டல் செய்வார்.

“ஏட்டி, அந்தக் கோமதியம்மனே தவசு முடிச்சிட்டா. ஒனக்கு எப்பட்டி முடியும்?”

“பொங்கலுக்கு” என்பார்கள் அக்கா.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். கோமதி எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடப் படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். தகவல் வந்ததும் அக்கா மத்தியானம் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அரை நாள். அந்தச் சீட்டு என் மேஜைக்கு வந்தது. நான் அதைக் கிழித்துப் போட்டேன். பதிவில் முழு நாள் என்று எழுதினேன். அக்கா எனக்குச் செய்ததற்கு நான் செய்கிற உதவி என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

போகியன்று பெயர் வாசித்தார்கள். அக்கா பெயரும் வந்தது. அக்கா மேடை வரைக்கும் போனார்கள். முதலாளி வீட்டு அம்மா தூக்குவாளியை நீட்டினார்கள். அக்கா கை நீட்டவில்லை.

“இது எனக்குள்ளது இல்லம்மா. ஆவணியில அரை நாள் போயிருக்கேன்.”

பரவாயில்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொன்னார்கள். அக்கா வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டார்கள். என்னை மேனேஜர் கூப்பிட்டார். ஏழு நாள் சஸ்பெண்ட்.

வீட்டில் போய்க் கேட்டேன். “அரை நாள்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்லா. வாளி எல்லாம் ஒண்ணு போல இருக்கு. பரண்ல அதுவும் போய்ச் சேந்துட்டா, எது நெசம் எது பொய்யின்னு எப்படிலே பாப்பேன்?”

நான் நாலு மாதம் அக்காவோடு பேசவில்லை. எனக்குச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். தட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்களும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்றேன். அப்படியே பேச்சு வந்துவிட்டது. ஆனால் அன்றோடு ஒன்றை முடிவு செய்தேன். இனி அக்கா விஷயத்தில் அக்கா சொல்வதுதான். நான் குறுக்கே போகமாட்டேன்.

அந்தத் தூக்குவாளியில் அக்கா பெயர் வெட்டியிருந்ததால் வேறு யாருக்கும் கொடுக்க முடியவில்லை. என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் போட்டு வைத்தேன்.

உழைத்து அக்கா என்ன கண்டார்கள் என்று கோமதி கேட்கிறாள். கண்டது உண்டு. வீட்டு ஓடுகளை எடுத்துவிட்டு ஓர் அறைக்குத் தளம் போட்டார்கள். கோமதியை டீச்சருக்குப் படிக்க வைத்தார்கள். இன்று அவள் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள். ஆனால் கோமதி மேடையில் பரிசு வாங்கிய எந்த வருடமும் அக்கா அங்கே இல்லை. அத்தான்தான் போனார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அக்கா இருக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு வரவேண்டி இருந்தது. பிறகு வராமல் ஆனார்கள். மில்லிலும் அக்கா சேர்ந்த வேலையிலேயே கடைசி வரை இருந்தார்கள். நடுவில் சேர்ந்த இரண்டு பேர் மேஸ்திரி ஆனார்கள். அவர்கள் லீவு போட்டவர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்கழியில் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது அக்கா பரணில் இருந்து தூக்குவாளிகளை இறக்குவார்கள். புளி போட்டுத் தேய்த்து முற்றத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள். காய்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அப்போது அக்கா முகம் நன்றாக இருக்கும். கோமதி கல்யாணத்தில்கூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

கல்யாணச் சீரில் அதையெல்லாம் கட்டிக் கொடுக்கப் பார்த்தார்கள். “ஒரே மாதிரி இத்தனை தூக்குவாளி கொண்டு போனா, மாமியா வீட்டுல பால் ஏவாரம் பாக்க வந்தேன்னு நெனைப்பாவம்மா” என்றாள் கோமதி. அக்காவும் சிரித்தார்கள். திரும்பப் பரணில் ஏற்றினார்கள். ஒன்றில்கூட ஒருநாளும் சோறு கொண்டு போனதில்லை. மில்லுக்குக் கொண்டு போனது ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா.

போன வருடம் கார்த்திகையில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. மார்கழியில் நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. ஷிப்ட் முடிந்து நான்தான் சங்கரன்கோவில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள் என்றார். சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேரும் நடந்தோம். அக்கா மூன்று இடத்தில் நின்றார்கள். மூன்றாவது இடத்தில் சொன்னார்கள்.

“ஏலே, போகிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. வாங்கிட்டுப் போயிருவோம். வீட்டுல சொல்லாத.”

“சரிக்கா” என்றேன்.

இது அத்தானுக்குத் தெரியாது. கோமதிக்கும் தெரியாது. டாக்டர் சீட்டை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வார ஓய்வு தவிர பதினோரு நாளும் அக்கா வந்தார்கள். பதினோரு நாளும் நான் பதிவு எழுதினேன். சுப்பம்மாள் தன் பக்கத்தோடு அக்கா பக்கத்து இழையையும் ஒட்டினார். போகியன்று அக்கா மேடை ஏறி வாங்கினார்கள். இறங்கும்போது நான் கையைப் பிடித்தேன். கை சுட்டது. பொங்கலுக்கு மறுநாள் திருநெல்வேலியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார்கள். ஐம்பத்து நாலு வயது.

பிறகு ஒருநாள் அந்த ஆஸ்பத்திரி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். டாக்டர் சீட்டு எழுதிய அன்றே வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்டேன். பிழைத்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதனால்தான் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். அக்கா உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உயர்ந்தார்களா என்று நான் சொல்ல முடியாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இது வரை எழுதியதைக் கோமதிக்கும் அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

“பதினோரு நாளும் எங்கூட போன்ல பேசினியளே மாமா” என்றாள் கோமதி.

ஆமாம் என்றேன்.

இந்த இடத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்தாள். “பிடிங்க மாமா” என்றாள். ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தாள். நான் தேய்த்தேன். முற்றத்தில் வரிசையாகக் கவிழ்த்தோம். ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களில் அக்காவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவோம் என்று கோமதிதான் சொன்னாள். அத்தானும் சரி என்றார்.

முதல் தூக்குவாளி சுப்பம்மாளுக்கு. அக்காவுக்காக ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் லீவு போட்டு இருந்தவர். மில்லில் அவருக்கு ஒரு வருடமும் தூக்குவாளி கிடைத்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன். “அவ பேரு போட்டதையா எனக்குத் தாறிய? நான் அதுல சோறு கொண்டு போவேன், பாத்துக்கிடுங்க” என்றார். கொண்டு போகட்டும்.

பொங்கல் நேரம் என்றும் பார்க்காமல் திருநெல்வேலிக்குக் கார் ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், ரத்தம் கொடுத்த மில் ஆட்களுக்கும், பதினாறு நாளும் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், கரிவலத்தில் இருந்து வந்து எல்லாக் காரியத்துக்கும் நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் மேஜையில் இருந்ததையும் மைக்கறை போகத் தேய்த்து எடுத்து வந்திருந்தேன். வரிசையின் கடைசியில் வைத்தேன். மற்றதோடு வித்தியாசம் தெரியவில்லை. கோமதி அதையும் சேர்த்து எண்ணினாள். நான் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். அக்கா இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இப்போதும் அக்கா சொல்கிறபடிதான் செய்கிறேன். சரியா என்று தெரியவில்லை.

கோமதி திரும்ப முதலில் இருந்து எண்ணினாள்.

இருபத்தைந்து.