மோட்டார் நோட்டில் ஒரு வரி

சென்ற ஆண்டு வைகாசியில், ஒரு சனிக்கிழமை காலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் நடந்தது இது. எட்டு வீடுகளுக்கும் ஒரே மோட்டார். சுவிட்ச் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். யார், எத்தனை மணிக்குப் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று எழுத வேண்டும். அந்த ஏற்பாடு என்னுடையது. எதையும் தேதி, நேரத்தோடு குறித்து வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அன்று மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே உள்ள தொட்டி காலியாகிவிட்டது. லாரித் தண்ணீர் வர மாலையாகும். படிக்கட்டில் ஒரே கூச்சல்.

"மூணாவது மாடி ஒடிசாக்காரம்மாதான் காலையில சுவிட்ச்கிட்ட நின்னாங்க. நானே பார்த்தேன்" என்றார் கீழ்வீட்டு டீச்சர்.

அவர்கள் குடிவந்து இரண்டே வாரம். "புதுசு இல்லையா, பழக்கம் தெரியல" என்று நானும் சொல்லிவைத்தேன்.

அந்த வீட்டு உரிமையாளர் இந்த ஊர்க்காரர். இந்த மனையே ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். "நீங்க சொன்னா கரீட்டாத்தான் இருக்கும் சார். அத்த எழுதிக் குடுங்க. இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார் கோபமாக.

எழுதுவதென்றால் மோட்டார் போட்ட நேரம் வேண்டுமே! நோட்டைப் பார்க்கப் போனேன். போட்டது 6.10, என் கையெழுத்து. நிறுத்தியது 7.25. அதன் அருகே எனக்குப் படிக்கத் தெரியாத வட்ட வட்டமான எழுத்தில் ஒரு பெயர்.

மோட்டாரைப் போட்டுவிட்டு, செய்தித்தாளில் மூழ்கி மறந்தவன் நான். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு மூன்று மாடி இறங்கி வந்து நிறுத்தியவர் அந்தப் பெண். குடிவந்த அன்று நான் சைகையில் விளக்கிய விதிப்படி நேரமும் குறித்திருந்தார்.

நோட்டை எல்லார் முன்பும் விரித்துக் காட்டினேன். உரிமையாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சார், இப்ப யாரக் காலி பண்றது?" டீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். கீழே நடந்த எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. "அங்கிள், நோட்டுல நான் எழுதினது சரியா இருக்கா?" என்றுதான் இந்தியும் சைகையுமாகக் கவலையோடு கேட்டார்.

இப்போது எங்கள் நோட்டில் தெலுங்கும் மலையாளமும்கூட உண்டு. அந்த ஒடியா வரியைப் படிக்க எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் யாரைப் பற்றியாவது அவசரப்பட்டு வாய் திறக்கும்போதெல்லாம் அதுதான் கண்முன் வந்து நிற்கிறது.