கழுத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த வருஷம் எனக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நின்றே விட்டது. உடம்பும் ஊதியது. மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்தில், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இப்படியானால் என்ன நினைப்பார்கள்? நான் மீன் விற்கப் போனால் அம்மா பின்னாலேயே வந்தாள். அண்ணி என் வயிற்றையே பார்த்தாள்.

"யாருடி அவன்? சொல்லிடு" என்றாள் அம்மா.

"யாரும் இல்லம்மா" என்று அழுதேன். அவள் நம்பவில்லை.

கருவைக் கலைக்கத்தான் என்னைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்த டாக்டரம்மா அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உனக்கு உடம்புக்கு என்ன செய்யுதும்மா?" என்று கேட்டார். அதுவரை யாருமே அதை என்னிடம் கேட்கவில்லை. வெயிலிலும் குளிர்வதை, முடி கொத்தாகக் கொட்டுவதை, எந்நேரமும் தூக்கம் வருவதைச் சொன்னேன். வயிற்றைச் சோதித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார்.

மறுமுறை போனபோது அம்மாவிடம் சொன்னார்: "உங்க பொண்ணு கர்ப்பமா இல்ல. கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி சரியா சுரக்கல. அதனாலதான் மாதவிலக்கு நின்னு, உடம்பும் போட்டிருக்கு. மாத்திரை சாப்பிடணும்."

"கழுத்துக்கும் வவுத்துக்கும் இன்னா சம்பந்தம்?" என்று அம்மா பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சில மாதங்களில் மாதவிலக்கு திரும்பியது. அன்று அம்மா அண்ணியிடம் உரக்கச் சொன்னாள்: "எம் பொண்ணு அப்பிடிப்பட்டவ இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

கடைசிவரை அவள் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் மாத்திரை தீருமுன் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறியது எப்போதும் அவள்தான். அந்தச் சந்தேகத்தையும் என்னால் மறக்க முடியவில்லை, அந்தப் பயணங்களையும் மறக்க முடியவில்லை.