ஒன்றுவிட்டு ஒரு தடவை வந்த நாமக்கோழிகள்

எழுபதுகளின் கடைசியில் கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. நாலு பீரோ அளவிருந்த அந்த இயந்திரத்துக்கு ஏ.சி. உண்டு, அதற்குப் பணிவிடை செய்ததால் எங்களுக்கும் கிடைத்தது. தாம்பரத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு அதைவிடப் பெரிய பதவி வேறில்லை.

எங்கள் ஊர் விலங்கியல் பேராசிரியர் ஒருவர், ஆறு வருஷம் பள்ளிக்கரணைச் சேற்றில் நின்று நாமக்கோழி, நாரை என்று எண்ணிய பறவைக் கணக்கை ஒரு டிஸ்க்கில் கொண்டுவந்தார். வெளியூர் இயந்திரம் ஒன்றில் ஏற்றியது. நோட்டுகளை மழைவெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவருடைய ஆராய்ச்சிப் பட்டம் முழுக்க அந்த ஒரே டிஸ்க்கில்.

அந்த இயந்திரம் எண்ணை இரண்டு பாதியாக்கி, சின்னப் பாதியை முதலில் எழுதும். எங்களுடையது பெரிய பாதி முதலில் இருப்பதாக நினைத்து, பன்னிரண்டை இருபத்தொன்று என்பதுபோல், தலைகீழாகப் படிக்கும். ஆகவே டிஸ்க்கின் மூன்றாம் கட்டத்தில் இருக்கும் பறவைக் கோப்பைத் தேடி எழுநூற்று அறுபத்தெட்டாம் கட்டத்தில் போய் நிற்கும். படிக்கும்போது பாதிகளை இடம்மாற்றும்படி புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். கோப்பு வந்தது. அன்று கேன்டீனில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன்.

மறுநாள் வரவில்லை. ஆபரேட்டர், "இன்னொரு தபா போட்டுப் பாரு சார்" என்றார். போட்டோம், வந்தது. அதிலிருந்து அந்த டிஸ்க்கை இரண்டு தடவை போடுவது அறையின் சம்பிரதாயமாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, சம்பளம் வாங்கிய நான் உட்பட.

பேராசிரியர்தான் கேட்டார். "ஏன் தம்பி, நான் ஜெபமே ஒரு தடவைதான் பண்றேன். உங்க மிஷினுக்கு மட்டும் ரெண்டா? நாளைக்கு இந்த வருஷக் கணக்கைச் சேர்க்கணுமே, அது எந்தத் தடவையில எழுதும்?"

வராத தடவையில் எழுதினால், புதுக் கணக்கு எங்கேயோ போய், பழையதையும் அழித்துவிடலாம்.

"நாளைக்கு வேண்டாம் சார். ரெண்டு நாள் கொடுங்க."

ஒன்றரை நாள் என் நாலு வரிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவற்றில் தப்பில்லை. தப்பு, எழுதாத வரியில். கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இயந்திரம் அன்றைய தேதியைக் குறித்து, விவரங்களைத் திரும்ப டிஸ்க்கில் எழுதிவைக்கும். எழுதும்போது பாதிகளைப் பழையபடி மாற்ற மறந்திருந்தேன். ஆகவே ஒருமுறை திறந்தால் டிஸ்க்கில் இருப்பதே எங்கள் வரிசைக்கு நேராகிவிடும், மறுமுறை என் நாலு வரி அதைக் கவிழ்த்துவிடும். இரண்டு வரி சேர்த்தேன்.

முதல் தடவையிலேயே வந்தது. ஐந்தாவது தடவையும் வந்தது. "இப்டி ஒழுங்கா வந்தாத்தான் சார் பயமா கீது" என்றார் ஆபரேட்டர்.

புதுக் கணக்கைச் சேர்த்து, எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தோம். பேராசிரியர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. நான் குனிந்து பார்த்தேன்.

"நூத்திப் பன்னெண்டு நாமக்கோழி" என்றார். "அன்னிக்கு அட்டை கடிச்சதுகூட ஞாபகம் இருக்கு. சரியாத்தான் இருக்கு."

சாயங்காலம் தாம்பரம் ரயிலில் அந்தக் காகிதக் கட்டை ஜன்னலோர ஸீட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பல்லாவரத்தில் வேறு இடம் கிடைக்கும்வரை நான் நின்றுகொண்டே வந்தேன். குறையாகவே தோன்றவில்லை.