ஏசுதாசன் அண்ணனும் எண்ணெய்க் கிணறுகளும்

சனிக்கிழமை காலையில் எங்கள் பட்டறைக் கதவில் சாக்பீஸால் ஒரு எண் எழுதியிருக்கும். அமெரிக்காவில் அந்த வாரம் எத்தனை ரிக்குகள் எண்ணெய்க்காகப் பூமியைத் தோண்டுகின்றன என்ற கணக்கு அது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வேறெந்தக் கதவுக்கும் இப்படி ஒரு அக்கறை கிடையாது. எழுதுகிறவர் லேத் ஓட்டும் ஏசுதாசன் அண்ணன். மாடம்பாக்கத்திலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே போனில் பார்த்துவிடுவார்.

நாங்கள் செய்வது ஃபிளேஞ்ச். இரண்டு குழாய்களைச் சேர்த்து போல்ட் போட்டு முடுக்குகிற எவர்சில்வர் வளையம். அது நடுக்கடலில் எண்ணெய் தோண்டும் மேடைக்குப் போகிறது என்று அண்ணன் பதினோரு வருடமாக நம்பினார். காரணம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த வாரம் பெட்டிகளில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பெயர் இருந்ததாம். ஓனர் ஜெயகிருஷ்ணன் சார் அறையில் கடல்மேடை படம் போட்ட பழைய காலண்டர் இன்னும் தொங்குகிறது.

"எவர்சில்வர்ல ஏன் கேக்கறான்? உப்புத் தண்ணில துரு புடிக்கக் கூடாது, அதான்" என்பார். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

கச்சா எண்ணெய் விலை ஏறினால் ஊரே திட்டும். அண்ணன் மட்டும், இனி கிணறு கூடும் என்று மிக்சர் வாங்கி வருவார். தாம்பரத்தில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் அவருடைய சந்தோஷத்தைக் கேட்டுவிட்டுப் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தார். சபையில் மற்றவர்கள் மூட்டுவலிக்கும் பிள்ளைகளின் வரனுக்கும் ஜெபக்குறிப்பு கொடுக்க, இவர் எண்ணெய் விலைக்குக் கொடுத்தார். பாஸ்டர் அதைச் சத்தமாக வாசித்த நாளிலிருந்து, அவர் மனைவி மெட்டில்டா அக்கா இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறாராம்.

போன மாதம் அந்த எண் தொடர்ந்து மூன்று வாரம் இறங்கியது.

"ரிக்க மூடிகினே வரான். அடுத்து நம்ம பட்டறதான்" என்றார் அண்ணன்.

பக்கத்து லேத்தில் ஜெயவேலு பீஸைக் கழற்றிக்கொண்டே, "ஆமாண்ணா, மூடறதுக்கு முன்ன உங்கைல ஒரு வார்த்த கேக்கச் சொல்லி அமெரிக்காக்காரன் போன் பண்ணான்" என்றான்.

"சிரி. அப்பால சோத்துக்கு நீ யார் வூட்டு வாசல்ல நிக்கறேன்னு பாக்கறேன்."

மெட்டில்டா அக்காவின் தம்பி ஜாய்சன் கோவளத்தில் மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி வைத்திருக்கிறார். அங்கே வேலைக்குப் போவதென்று அண்ணன் முடிவு செய்தார். நாலாவது வாரமும் எண் இறங்கினால் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவார். மீன் வாடை ஆகாதவர், வீட்டில் மீன் வறுத்தால் தெருவில் போய் நிற்பவர், ஐஸ் பெட்டி தூக்கப் போகிறார்.

சனிக்கிழமை வந்தது. எண் இறங்கியிருந்தது. எழுதிவிட்டு உள்ளே வந்தவர், பீஸின் அளவு பார்க்கும் தன் சொந்த வெர்னியரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கடிதத்தை எடுத்தார்.

என் வேலை பேக்கிங். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் விலாசம் படிக்கத் தெரியும். ஐந்து வருடமாகப் பெட்டிகளில் நான் ஒட்டிய சீட்டு ஒன்றில்கூட எண்ணெய்க் கம்பெனி பெயர் இல்லை. யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை. ஆனால் அந்த வெர்னியர் பைக்குள் போனதைப் பார்த்த பிறகு வேலையில் கை ஓடவில்லை. ஒட்டாத சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"அண்ணா, நம்ம பீஸ் கடலுக்குப் போவல. பால் கம்பெனிக்குத்தான் போவுது."

சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். "எத்தினி நாளா?"

"நான் வந்ததுலேர்ந்து. இப்ப இன்னும் ஜாஸ்தியா கேக்கறாங்க. மூணு மாசத்து ஆர்டர் அப்படியே கீது."

"ஏன் தனம், சொல்லல?"

"நீங்க கேக்கலயேண்ணா."

ஜெயவேலு லேத்தை நிறுத்திவிட்டான். சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். "அப்போ இத்தினி வருசமா பாஸ்டர் ஜெபம் பண்ணதெல்லாம் மோருக்கா?"

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. கடிதத்தை எட்டாக மடித்து, தன் ஸ்டூலின் ஆடுகிற காலுக்கடியில் சொருகினார். உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை. பையிலிருந்து வெர்னியரை எடுத்தார்.

கதவில் இருந்த எண்ணை அழிப்பார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை.

"பால் மட்டும் நடந்தா போவுது? டீசல் லாரிலதான போவுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே சீட்ட ஒட்டறதுக்கு முன்ன எங்கைல காட்டிட்டு ஒட்டு" என்றார்.