கோபுரத்தை மிஞ்சிய கம்பு

போன செவ்வாய்க்கிழமை மகளுக்கு வீடியோவில் இரண்டாம் தடவை இன்டர்வியூ. கொழும்புக் கொம்பனி, ஆனால் வீட்டிலிருந்தே வேலை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் படித்து முடித்த நாளிலிருந்து அவள் காத்திருந்த வேலை. முதல் தடவை அவள் வாயைத் திறந்ததும் படம் உறைந்துபோனது. பாவம் பார்த்து இன்னொரு சந்தர்ப்பம் தந்தார்கள். இதுவும் அறுந்தால்... அவ்வளவுதான்.

ஏன் அறுந்தது? எங்கள் கோப்பாய் வீட்டுக்குள் கவரேஜ் இல்லை. எப்படி இருக்கும்? லண்டன் மச்சான் காசு அனுப்ப, மேசன் ஆசை தீரக் கொட்டிய கொங்கிறீட். அதற்கு மேல் வெயிலுக்குத் தகரம். சண்டைக் காலத்தில் பங்கருக்குக்கூட நாங்கள் இவ்வளவு பொருள் போட்டதில்லை. ஷெல்லே நுழையாத வீட்டுக்குள் வாட்ஸ்அப் எப்படி நுழையும்?

டவர் ஒன்று வர இருந்ததுதான். நாங்கள் போய்வரும் ஒழுங்கை முனையில் காணிகூடப் பார்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணை விடவில்லை. அவர்தான் எங்கள் கோயில் நிர்வாக சபைத் தலைவர். கோயில் கோபுரத்தைவிட உயரமாக ஊரில் ஒன்றும் எழும்பக் கூடாதாம். ஊரே தலையாட்டியது. ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய், கவரேஜ் தரவில்லை என்று போன் கொம்பனியைத் திட்டியது.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. போனின் முதுகில் ஒட்ட ஒரு தங்கநிற ஸ்டிக்கர் — டவுனில் விற்கிறார்கள், நாங்களும் வாங்குகிறோம். ஒட்டினேன். போன் வடிவாக இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. செம்புக்குள் வைத்தால் இழுக்கும் என்றார் ஒருவர். செம்பைத் தேடிக்கொண்டு மனைவி வந்ததுதான் மிச்சம். வெளிநாட்டு சிக்னல் பூஸ்டர் வாங்கு என்றார் இன்னொருவர். அனுமதியில்லாமல் பூட்டினால் அயலாருடைய கவரேஜ் குழம்புமாம். அயலாரிடம் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடைசியில் மகளே வழி கண்டுபிடித்தாள். பழைய போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, மூங்கில் கம்பில் கட்டி, தண்ணீர்த் தாங்கிக்கு மேல் நிறுத்தினோம். அது மேலே நின்று இழுக்க, மாடிப்படி உச்சி வாசலில் இருந்த லப்டொப் அதைப் பிடித்துக்கொண்டது. செலவு? கயிறும் ஐஸ்கிரீமும்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ தொடங்கியது. மகளின் குரல் தடங்கலில்லாமல் கேட்கிறது. கோழிகூடக் கத்திவிடக் கூடாதென்று மனைவி காவல். அப்போது பார்த்துப் படலை திறக்கிறது... தலைவர் அண்ணை.

“தம்பி, உது என்ன கம்பு? கோபுரத்துக்கு மேலை நிக்குது. கழட்டும்.”

அவருடைய முற்றத்தில் நின்று பார்த்தால் கோபுரத்தைவிட ஒரு சாண் கூடவாம். என் முற்றத்தில் நின்று பார்த்தால் அவருடைய தென்னைமரமும்தான் கூட. சொல்ல முடியுமா? வருஷா வருஷம் நாங்கள் செய்யும் திருவிழா உபயத்தைத் தூக்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மேலே பிள்ளை கதைத்துக்கொண்டிருக்கிறாளே...

“பிள்ளைக்கு இன்டர்வியூ நடக்குது அண்ணை. இப்ப கழட்ட மாட்டன்.”

முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். உபயம் போச்சு என்று மனைவி அழாத குறை.

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் மாடிப்படி வாசல்தான் அவள் வேலைசெய்யும் கந்தோர்.

நேற்று அண்ணை மறுபடியும் வந்தார். சிரித்துக்கொண்டு! வருகிற கிழமை கொடியேற்றமாம். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் லைவில் பார்க்கவேண்டுமாம். கோயிலடியில் கவரேஜ் இல்லையாம். அந்தக் கம்பையும் போனையும் ஒரு காலைப்பொழுதுக்குத் தர முடியுமா?

பழக்கதோஷத்தில் ஓம் சொல்ல வாயெடுத்தேன். மகள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அந்த நேரம் எனக்கு வேலை, பெரியப்பா. கம்பைக் கழட்டேலாது.”

இன்று பின்னேரம் நிர்வாக சபை அவசரமாகக் கூடுகிறதாம் — டவருக்குக் கோயில் காணியிலேயே இடம் பார்க்க.