கருங்கல் நடைபாதை

சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவே எழும்பிக்கொண்டிருந்த ஒரு கல்லூரியில் கட்டடப் பொறியாளராக எனக்கு முதல் வேலை. வாசலிலிருந்து அலுவலகம் வரையிலான நடைபாதை என் பொறுப்பு. நீளம் அறுபது மீட்டர். அகலம் இரண்டு மீட்டர் நாற்பது. ஒரு வரிசை நிற்கலாம், பக்கத்தில் இரண்டு பேர் நடக்கலாம். மழைநீர் வடிய ஐம்பதுக்கு ஒன்று சரிவு. மேலே பளபளப்பான கருங்கல். கரிசல் மண் ஒட்டினாலும் தெரியாது என்று நானே தேர்ந்தெடுத்தது.

மாணவர் சேர்க்கையின் கடைசி நாள். நல்ல வெயில். விண்ணப்பம் வாங்கும் கவுண்டரை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் வந்து பார்த்தபோது வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர்கள். அங்கே வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போக மாட்டார்கள். உரசினால் பொறி பறக்கும். வழவழப்பான தரையைக் கண்டதும் கால் தானாகச் செருப்பைக் கழற்றியிருக்கிறது.

வரிசையின் நடுவில் ஓர் அம்மா இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்.

"மண்ணுல இறங்கி நில்லுங்கம்மா" என்றேன்.

"இறங்குனா இடம் போயிரும் தாயி. மக ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் நான் நவுரக் கூடாது."

பின்னால் நின்றவர் சிரித்தார். "ஆமாக்கா, நீங்க நவுந்தா நான் ஏறிருவேன்."

"உங்க செருப்பு எது? எடுத்துட்டு வர்றேன்" என்றேன் அந்த அம்மாவிடம்.

"நீலவாரு."

குவியலில் முக்கால்வாசி நீலவார்தான்.

என் ஷூவைக் கழற்றிக் கல்லில் நின்று எண்ணினேன். சூட்டில் பதினொன்றுக்கு மேல் நிற்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றலாம் என்றால், அந்த மெருகில் யாராவது வழுக்கி விழுவார்கள். முந்தைய நாள் வார்த்த தூண்களைச் சுற்றி ஈரச் சாக்குகள் கட்டியிருந்தோம். அவற்றை அவிழ்க்கச் சொன்னேன்.

"தூணு காஞ்சு போகுமே, எஞ்சினியரம்மா!" என்றார் கொத்தனார்.

"தூணுக்குக் குழாயை வச்சுப் பீச்சுங்கண்ணே. சாக்கை இங்க கொண்டாங்க."

இருவருமாக இழுத்து வந்து வரிசை நெடுக விரித்தோம். அந்த அம்மா சாக்கின் மேல் கால் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மணி பன்னிரண்டு நாற்பது. அவருக்கு முன்னால் ஒன்பது பேர். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது மகள் ஓடி வந்தாள், செருப்போடு.

"ஏம்மா, செருப்பு எங்க?"

"அது கெடக்கு. நீ மொதல்ல காகிதத்தக் குடுடி."

விண்ணப்பம் உள்ளே போனது. அந்த அம்மா ஓரத்து மண்ணில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குதிகால் இரண்டும் கொப்பளித்திருந்தன. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் காலில் ஊற்றிக்கொண்டார்.

அன்று மாலையே கருங்கல்லைப் பெயர்த்துவிட்டு வெளிர் நிறச் சொரசொரப்பான சிமென்ட் கல் பதிக்கவும், மேலே கூரை போடவும் அனுமதி கேட்டு எழுதினேன். அகலத்தை மாற்றவில்லை. காரணம் என்ற இடத்தில், கல்லைத் தேர்ந்தெடுத்தது நான், நடந்து பார்த்தது ஷூ காலோடு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.